எந்தக் காற்று, எந்தக் கொடி: வரலாற்றுக் கதைக்குத் திருகோணமலை

தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் 'மோகனாங்கி' 1895இல் சென்னையில் அச்சேறியது. எழுதியவர் திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை. சென்னையில் கீழைத்தேயச் சுவடி நூலகத்தில் பணியாற்றிய அவர், சொக்கநாத நாயக்கர் காலத்துத் திருச்சிராப்பள்ளியையும் தஞ்சாவூரையும் தம் கதைக்குக் களமாக எடுத்துக்கொண்டார். சொக்கநாதர் பட்டத்துக்கு வந்தது 1659இல். அதே ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் ஓர் ஆங்கிலக் கப்பலின் பாய்மரம் முறிந்தது. அதைச் செப்பனிட அந்தக் கப்பல் வந்து சேர்ந்த இடம் திருகோணமலைக்கு எதிர்க்கரையான கொட்டியாரம். அதில் வந்த 19 வயது இளைஞர் ஒருவரின் அனுபவம் பின்னாளில் ஆங்கில நாவல் இலக்கியத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. 'மோகனாங்கி'யின் ஆசிரியர் பிறந்த ஊரைச் சுற்றியே ஒரு நாவலாசிரியருக்கு வேண்டியதெல்லாம் கிடந்தது.

வரலாற்றுக் கதையை விரும்பிப் படிப்பவர்கள் சின்னச் சின்ன விவரங்களில்தான் ஆசிரியரை நம்புகிறார்கள். கதைமாந்தர் என்ன சாப்பிட்டார், எந்தக் காசு கொடுத்தார், எந்த ஓடத்தில் ஏறினார் என்பது சரியாக இருந்தால் மற்றதையும் நம்பி உடன் வருவார்கள். திருகோணமலையில் இந்த விவரங்கள் அலங்காரமாக மட்டும் நிற்பதில்லை. கதையில் என்ன நடக்கலாம், என்ன நடக்க முடியாது என்பதையே அவை தீர்மானிக்கின்றன. ஆண்டு பிசகினால் கோட்டையில் பறக்கும் கொடி பிசகிவிடும். மாதம் பிசகினால் கப்பல் நிற்கும் குடாவே மாறிப்போகும்.

முதலில் காற்று. ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாடை வீசும் காலம். கடல் கொந்தளிக்கும், மழை கொட்டும். இந்தக் காலத்தில் சென்னை உட்பட சோழமண்டலக் கரையில் பாய்க்கப்பல் ஒதுங்கி நிற்க நல்ல இடமே கிடையாது. கரைக்கு எதிரே திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலைப் புயல் அறுத்துக்கொண்டு போய்விடும். திருகோணமலையின் உள்துறைமுகமோ குன்றுகள் சூழ்ந்து, ஆழமாக, எந்தக் காற்றுக்கும் மறைவாக இருக்கிறது. ஐரோப்பியர் இந்த ஊருக்காக இருநூறு ஆண்டுகள் அடித்துக்கொண்டதன் காரணம் இந்த ஒன்றுதான். வங்கக் கடலில் போர்க்கப்பல் வைத்திருப்பவருக்கு இந்தத் துறைமுகம் கையில் இல்லையென்றால், மழைக்காலம் வந்ததும் கடற்படையைக் குமரி முனை சுற்றி மும்பைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 1782 ஒக்டோபரில் ஆங்கிலேயத் தளபதி எட்வேட் ஹியூஸுக்கு நேர்ந்தது அதுதான்.

மே முதல் செப்டம்பர் வரை நிலைமை நேர்மாறானது. கச்சான் என்று கிழக்கில் சொல்லும் வறண்ட காற்று தரைப்பக்கமிருந்து வீசும். கடல் தட்டையாகக் கிடக்கும். கோணேசர் மலைக்கு வடக்கே திறந்த கடலைப் பார்த்திருக்கும் குடாவிலும் அப்போது கப்பல்கள் பயமில்லாமல் நிற்கலாம். மேற்குக் கரை மீனவர்கள் பருவத்துக்கு வந்து வாடி அடித்துத் தங்குவதும் இந்த மாதங்களில்தான். டிசம்பர் மாதத்தில் அந்த வடக்குக் குடாவில் ஒரு கப்பலை அமைதியாக நங்கூரமிட வைக்கும் கதாசிரியரை உள்ளூர் மீனவர் ஒருவர் முதல் பக்கத்திலேயே கைவிட்டுவிடுவார்.

தமிழ் வாசகருக்கு வரலாற்றுக் கதை என்றதும் நினைவுக்கு வருவது சோழர் காலம். சோழர் 993ஆம் ஆண்டளவில் ஈழத்தின் வடபகுதியைக் கைப்பற்றி அதற்கு மும்முடிச் சோழமண்டலம் என்று பெயரிட்டார்கள். 1070 வரை அந்த ஆட்சி நீடித்தது. கோணேசர் கோயில் அதற்கும் மூத்தது. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய தலம் அது. ஆனால் இந்தக் காலத்தைப் பற்றிக் கதை எழுதுபவர்கள் பெரும்பாலும் போர்க்களத்தோடு நின்றுவிடுகிறார்கள். கல்வெட்டுகள் காட்டும் வாழ்க்கை அதைவிடச் சுவாரசியமானது.

நகருக்கு வடமேற்கே பெரியகுளத்தை அடுத்த காட்டுப் பகுதியில் வெல்கம் விகாரை என்ற பௌத்தப் பள்ளி இருக்கிறது. தமிழர்கள் அதை நாதனார் கோவில் என்பார்கள். சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் பௌத்தப் பள்ளிக்குத் தமிழர்கள் கொடுத்த நந்தா விளக்கையும், விளக்கெரிக்க நெய்க்காக விட்ட பசுக்களையும் பதிவு செய்கின்றன. சோழர் வந்ததும் விகாரைகள் எல்லாம் பாழாயின என்று எழுதுபவர் இந்த இடத்துக்கு ஒரு முறை போய் வர வேண்டும்.

இன்னொரு கல்வெட்டு கந்தளாயை அடுத்த பளமோட்டையில் கிடைத்தது. சோழரைத் துரத்திய முதலாம் விஜயபாகுவின் காலத்தது. நங்கைசானி என்ற பிராமணப் பெண், இறந்துபோன தன் கணவரின் நினைவாக ஒரு சிவன் கோயிலுக்குக் கொடை கொடுக்கிறார். அந்தக் கோயிலுக்குத் தென்கயிலாசம் என்றும், சிங்கள அரசனின் பெயரால் விஜயராஜ ஈசுவரம் என்றும் இரண்டு பெயர். கொடையைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையினரிடம் விடப்பட்டிருக்கிறது. சிங்கள மன்னன் ஆட்சியில், தமிழ்க் கல்வெட்டில், பிராமணக் கைம்பெண் ஒருவரின் கொடைக்குத் தமிழ்ப் படைவீரர் காவல். இந்த ஒரே கல்லில் ஒரு நாவலுக்கான ஊரும் ஆட்களும் உறவுகளும் இருக்கின்றன. விஜயபாகு ஆட்சிக்கு வந்ததும் தமிழர் எல்லோரும் கப்பலேறிப் போனார்கள் என்று எழுத இந்தக் கல் இடம்கொடுக்காது.

கோணேசர் கோயில் இடிக்கப்பட்டது 1620களில். கோயிற் கற்களைக் கொண்டே போர்த்துக்கேயர் அந்தக் குன்றுமேடையில் கோட்டை கட்டினார்கள். இன்று பிரட்றிக் கோட்டை என்று அறியப்படும் அந்தக் கோட்டையின் வாசலில், நிலைக்கல் ஒன்றில், இரட்டைக் கயல் செதுக்கிய அடையாளமும் அரைகுறையாகத் தேய்ந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. குளக்கோட்டன் என்ற மன்னன் எழுப்பிய கோயிலைப் பறங்கியர் இடிப்பதையும், பின் வரப்போகும் ஆட்சிகளையும் முன்கூட்டியே சொல்லும் பாடல் அது என்று ஊரில் நம்புகிறார்கள். மலைக்குக் கும்பிடப் போகும் ஒவ்வொருவரும் அந்த வாசலைக் கடந்துதான் போக வேண்டும்.

கோயில் இடிந்த நாளைப் பற்றிய மரபுச் செய்தி கதாசிரியர்களுக்கு மிகவும் பிடித்தமானது. சித்திரைப் புத்தாண்டன்று சுவாமி வீதியுலா போயிருந்த வேளையில், பிராமண வேடமிட்ட போர்த்துக்கேயச் சிப்பாய்கள் உள்ளே புகுந்தார்கள் என்பது அந்தச் செய்தி. இதை 1624 ஏப்ரல் 14 என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் சறுக்கல். சூரியன் மேட ராசியில் புகும் நாளே புத்தாண்டு. நாம் பயன்படுத்தும் கிரகோரியன் நாட்காட்டியில் அந்த நாள் ஏறக்குறைய 60 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. போர்த்துக்கேயர் 1582இலேயே அந்த நாட்காட்டிக்கு மாறிவிட்டவர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் 1624இல் சித்திரை பிறந்தது ஏப்ரல் 7ஆம் 8ஆம் தேதிகளை ஒட்டித்தான். மரபைப் பின்பற்றும் கதையில் புத்தாண்டு என்று சொன்னால் போதும். தேதியும் போட வேண்டுமென்றால் இன்றைய தேதியைப் போடக் கூடாது.

கோயில் இடிந்ததும் வழிபாடு நின்றுவிடவில்லை. தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோயில் எழுந்தது. கோயில் இல்லாத குன்றின் உச்சியிலும் பூசகர் ஒருவர் கடலை நோக்கிப் பூவும் பழமும் இடுவதை 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் பயண நூல்கள் விவரிக்கின்றன. மறைத்து வைக்கப்பட்ட செப்புத் திருமேனிகள் சில 1950இல் நகரில் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் மலையடிவாரக் கடலில் மூழ்கிக் கோயிலின் தூண்களையும் கற்களையும் பார்த்தார்கள். இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளில் எந்த ஆண்டைக் களமாக எடுத்தாலும், மலையில் கோபுரம் இருக்கக் கூடாது, கும்பிடுகிறவர்கள் இருக்க வேண்டும்.

போர்த்துக்கேயருக்கு முன்னரே ஒரு டென்மார்க் கடற்படை இங்கே வந்தது பலருக்குத் தெரியாது. ஓவ கியெட என்ற இளந்தளபதியின் தலைமையில் 1620இல் வந்து, கண்டியரசன் செனரத்தோடு உடன்படிக்கை செய்து, திருகோணமலையில் கோட்டை வேலையையும் தொடங்கினார்கள். காரியம் கைகூடவில்லை. அதே ஆண்டு சோழமண்டலக் கரையில் அவர்களுக்குக் கிடைத்த ஊர்தான் தரங்கம்பாடி. திருகோணமலையில் நிலைத்திருந்தால், பின்னாளில் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் சீகன்பால்குவும் அவருடைய தமிழ் அச்சகமும் எங்கே வந்திறங்கியிருக்கும் என்பது ஒரு நாவலாசிரியர் யோசித்துப் பார்க்கத் தக்கது.

ஒல்லாந்தர் 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்துக் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனிடம் ஒப்படைத்தார்கள். 1660களில் அவர்களே திரும்பி வந்து ஊன்றிக்கொண்டார்கள். இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளிலும் கொட்டியாரம் கண்டியரசனின் கடல்வாசல். இந்த இடைவெளிக்குள்தான் பாய்மரம் முறிந்த கப்பல் வருகிறது.

அந்தக் கப்பலின் பெயர் 'ஆன்'. தலைவர் றொபேட் நொக்ஸ். மகனுக்கும் அதே பெயர். 1660 ஏப்ரலில் கண்டியரசனின் ஆட்கள் தந்தையையும் மகனையும் மாலுமிகள் சிலரையும் நயமாகப் பேசிக் கரைக்கு வரவழைத்துப் பிடித்துக்கொண்டார்கள். மூதூரில் அவர்கள் பிடிபட்டதாகச் சொல்லப்படும் புளியமரத்தடியில் நினைவுக்கல் ஒன்று பின்னர் நிறுவப்பட்டது. தந்தை அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் கண்டி நாட்டுக் கிராமங்களில் தொப்பி பின்னி விற்று, நெல் கடன் கொடுத்து, ஊர்மொழி பேசி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். 1679இல் தோழர் ஒருவரோடு காட்டாற்றுக் கரை வழியே நடந்து மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் தஞ்சமடைந்தார். அவருடைய நூல் 1681இல் லண்டனில் வெளிவந்தது. டானியல் டீஃபோ 1719இல் எழுதிய 'ராபின்சன் குருசோ'வுக்கு அது ஊட்டம் கொடுத்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அடுத்த ஆண்டு வந்த 'கப்டன் சிங்கிள்டன்' நாவலில் டீஃபோ நொக்ஸின் கதையைச் சுருக்கிச் சேர்த்தே விட்டார்.

நொக்ஸின் நூல் விவரங்களின் சுரங்கம். உழவுக்கருவி, நெல் வகை, வேலி, பாக்குவெட்டி, விருந்தாளியை வரவேற்கும் முறை, வழக்கு விசாரணை எல்லாம் அதில் உண்டு. ஆனால் அவர் எழுதியது பெரும்பாலும் மலைநாட்டு வாழ்க்கையை. கொட்டியாரத்துத் தமிழ்க் குடிகளைப் பற்றி எழுத அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தேதியிலும் கவனம் வேண்டும். இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியிலேயே இருந்தது. நொக்ஸ் சொல்லும் 1660 ஏப்ரல் 4, ஒல்லாந்தரின் குறிப்பேட்டில் ஏப்ரல் 14. இரண்டு தரப்பின் ஆவணங்களையும் சேர்த்துக் கதை பின்னுகிறவர் இந்தப் பத்து நாளைக் கணக்கில் எடுக்காவிட்டால், தூதுவர் புறப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுவார்.

ஒல்லாந்தர் காலத்து விவரங்களில் எல்லோருக்கும் தெரிந்தது கோணேசர் மலையில் நிற்கும் ஒற்றைத் தூண். பழைய கோயிலின் தூண் அது. அதில் ஒல்லாந்த மொழியில் பிரான்சினா வான் றேட என்ற பெண்ணின் பெயரும் 1687 ஏப்ரல் 24 என்ற தேதியும் வெட்டப்பட்டிருக்கின்றன. காதலன் கைவிட்டுக் கப்பலேறிப் போனதைப் பார்த்து அவள் மலையிலிருந்து குதித்துவிட்டாள் என்ற கதை 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் பரவி, இன்றும் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படுகிறது. ஆவணங்கள் வேறு சொல்கின்றன. பிரான்சினா, மலபார்ச் செடிகொடிகளைப் பற்றிய பெருநூலைத் தொகுத்த ஹென்றிக் வான் றேடவின் மகளாக வளர்ந்தவர். 1691இல் ஹென்றிக் கடலில் இறந்தபோதும் பிரான்சினா உயிரோடுதான் இருந்தார். தூண் ஏதோ ஒரு வருகையின் நினைவாக நட்டதாக இருக்கலாம். பொய்த்துப்போன இந்தக் காதல் கதையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 1850இல் நடக்கும் கதையில் வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி அதைச் சொல்லிக் கண்ணீர் விடலாம். 1687இல் நடக்கும் கதையில் மட்டும் அது நடக்கக் கூடாது.

இதே வகையில் இன்னொரு கதை கோட்டைக்குள் இருக்கும் வெலிங்டன் வீட்டைப் பற்றியது. பின்னாளில் நெப்போலியனை வென்ற ஆதர் வெல்லெஸ்லி 1800ஆம் ஆண்டின் கடைசியில் படைதிரட்ட இங்கே வந்து தங்கினார். அவர் நோயில் விழுந்ததால் ஏறத் தவறிய கப்பல் பிறகு மூழ்கிப் போயிற்று, திருகோணமலை அவர் உயிரைக் காத்தது என்று சொல்வார்கள். அவர் நோயில் விழுந்தது உண்மை. விழுந்த இடம் மும்பை.

ஒரே ஓர் ஆண்டை எடுத்துக் கதை எழுத வேண்டுமென்றால் 1782க்கு நிகரில்லை. ஆண்டு தொடங்கும்போது கோட்டையில் ஒல்லாந்தர் கொடி. ஜனவரி முதல் பாதியில் ஹியூஸின் கடற்படை வந்து நகரக் கோட்டையைப் பிடித்தது; 11ஆம் தேதி உள்துறைமுக வாயிலைக் காக்கும் ஒஸ்டன்பேர்க் கோட்டையும் விழுந்தது. பெப்ரவரியில் ஹியூ பொய்ட் என்ற தூதர் திருகோணமலையிலிருந்து பல்லக்கில் கண்டிக்குப் புறப்பட்டார். கையிலிருந்த கடிதம் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனுக்கு எழுதப்பட்டது. அரசர் ஜனவரி தொடக்கத்திலேயே இறந்துபோயிருந்தார். அரியணையில் இருந்தவர் தம்பி இராஜாதி இராஜசிங்கன், மதுரை நாயக்கர் வழியில் வந்தவர். இருபது ஆண்டுகளுக்கு முன் பைபஸ் என்ற ஆங்கிலத் தூதர் வந்து ஆசை காட்டிவிட்டுப் போனதை அரசவை மறந்திருக்கவில்லை. பொய்ட் வெறுங்கையோடு திரும்பினார். சென்னைக்குக் கப்பலேறிய அவரைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டார்கள்.

ஓகஸ்ட் 25ஆம் தேதி பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் குடாவுக்குள் வந்தார். மாதம் முடிவதற்குள் இரண்டு கோட்டைகளும் அவர் கையில். உதவிக்கு விரைந்த ஹியூஸ் செப்டம்பர் 2ஆம் தேதி மாலை வந்து பார்த்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. மறுநாள் கரைக்கு வெளியே நடந்த கடற்போரில் இரு தரப்புக்கும் பெரும் சேதம்; வெற்றி யாருக்கும் இல்லை. சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு ஊர் மறுபடி ஒல்லாந்தரிடமே போயிற்று. 1795 ஓகஸ்டில் ஆங்கிலேயர் மீண்டும் பிடித்தார்கள்; கடற்படைத் தளம் 1957 வரை அவர்கள் கையில் இருந்தது. கரைவலை இழுக்கும் ஒருவரோ, வத்தையில் நெல்லேற்றும் ஒருவரோ 1782ஆம் ஆண்டைத் துறைமுகத்தில் நின்று கழித்திருந்தால் எட்டு மாதத்துக்குள் மூன்று கொடிகளுக்கு வரி கட்டியிருப்பார். அவர்களுடைய கண்ணால் பார்த்த கதை இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே இருக்கிறது.

அன்றாடப் பொருட்களில் ஏற்படும் தவறுகள் போர்த் தேதிகளைவிட வேகமாக வாசகர் கண்ணில் படும். கிழக்கில் கொச்சிக்காய் இல்லாமல் இன்று ஒரு கறியும் இல்லை. ஆனால் அது போர்த்துக்கேயரோடு வந்தது. சோழர் காலத்துக் கந்தளாயில் உறைப்புக்கு மிளகுதான். அன்னாசியும் பப்பாசியும் புகையிலையும் அப்படியே. இலங்கையில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1867இல். அதற்கு முன் திருகோணமலைத் தெருவில் தேநீர்க் கடை வைக்கக் கூடாது. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயரின் முதற்காலத்திலும் கணக்கு ரிக்ஸ் டாலரிலும் பணத்திலும். ஒரு ரிக்ஸ் டாலருக்கு 12 பணம். ரூபாயும் சதமும் 1872இல்தான் முறையாக வந்தன. சாதாரண ஆள் எழுதியது ஓலையில்; ஒல்லாந்தக் கம்பனியே ஊராருக்கான கட்டளைகளை ஓலையில் எழுதி அனுப்பியது.

ஒன்றைப் பெரும்பாலான கதைகள் தவிர்த்துவிடுகின்றன. ஒல்லாந்தர் வீடுகளிலும் உள்ளூர் உயர்குடிகளின் வீடுகளிலும் அடிமைகள் இருந்தார்கள். விற்றார்கள், வாங்கினார்கள், உயிலில் எழுதி வைத்தார்கள். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல். 1790இல் நடக்கும் கதையில் விருந்து பரிமாறுகிறவர் யார் என்று ஆசிரியர் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலப் பழங்கால நாவல்களை விரும்புகிறவர்களுக்கும் இந்த ஊரில் ஓர் இடமுண்டு. நகரின் பழைய புனித ஸ்தேவான் இடுகாட்டில் றியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்டினின் கல்லறை இருக்கிறது. நாவலாசிரியை யேன் ஒஸ்டினின் தம்பி அவர். இளம் அதிகாரியாக இருந்தபோது கப்பல் பிடித்ததில் தமக்குக் கிடைத்த பங்குப்பணத்தில் அக்காமார் இருவருக்கும் புஷ்பராகச் சிலுவைகள் வாங்கி அனுப்பினார். 1814இல் வந்த 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில் மாலுமி அண்ணன் தங்கைக்குக் கொடுக்கும் சிலுவை அதிலிருந்து வந்தது என்பார்கள். கிழக்கிந்தியக் கடற்படையின் தலைவராக இரண்டாம் பர்மியப் போருக்குப் போனவர், 1852 ஒக்டோபர் 7ஆம் தேதி ஐராவதி ஆற்றில் வாந்திபேதியால் இறந்தார். கடற்படையின் தளம் திருகோணமலை என்பதால் உடல் இங்கே வந்தது. அந்தக் கடற்படைக் காலத்தின் கப்பல் எப்படியிருந்தது என்று பார்க்க விரும்புவோருக்கு 'எச்.எம்.எஸ். திருகோணமலை' இருக்கிறது. மும்பையில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டி 1817இல் நீரில் இறக்கிய போர்க்கப்பல். இன்றும் இங்கிலாந்தில் ஹாட்டில்பூல் துறைமுகத்தில் மிதக்கிறது.

இருபதாம் நூற்றாண்டுக் கதை எழுதுவோர் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் நாள் 1942 ஏப்ரல் 9. சிங்கப்பூர் பெப்ரவரி 15இல் விழுந்தபின் ஆங்கிலேயரின் கிழக்குக் கடற்படைக்குத் திருகோணமலைதான் பெரிய ஒதுக்கிடம். உயிர்த்த ஞாயிறன்று கொழும்பைத் தாக்கிய யப்பானிய விமானங்கள், நான்கு நாள் கழித்து வியாழக்கிழமை காலை இங்கே வந்தன. முந்தின நாளே எச்சரிக்கை கிடைத்துப் பல கப்பல்களைத் துறைமுகத்திலிருந்து வெளியேற்றியிருந்தார்கள். அப்படி வெளியேறிய விமானந்தாங்கிக் கப்பல் 'ஹேர்மிஸ்' மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதில் அப்போது ஒரு விமானமும் இருக்கவில்லை. முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். உயிர் தப்பிய ஏறக்குறைய அறுநூறு பேரை 'வீற்றா' என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிக்கொண்டது. சீனன்குடாவில் இருந்த 101 எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று எரிந்தது. யப்பானிய விமானி ஒருவர் தம் விமானத்தோடு அதன்மேல் வந்து மோதினார் என்று சொல்லப்படுகிறது. துறைமுகத்தில் குண்டுபட்டு எரிந்த 'சகெய்ங்' கப்பலை அடுத்த ஆண்டு அமிழ்த்தி இறங்குதுறையாகப் பயன்படுத்தினார்கள். இலங்கைக் கடற்படை அதை மேலே எடுத்தது 2018இல்.

இந்த நாளை எழுதுகிறவர்கள் கடிகாரத்தையும் சரிபார்க்க வேண்டும். போர்க்காலத்துக்காக 1942 ஜனவரியில் இலங்கையின் நேரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. செப்டம்பரில் இன்னுமோர் அரை மணி. ஏப்ரல் 9இல் சூரியன் உதித்தது கடிகாரத்தில் ஆறு மணிக்கு அல்ல, ஆறரையை ஒட்டி. இன்னொரு பெருநிகழ்வு 1944 ஓகஸ்ட் 8இல் நடந்தது. துறைமுகத்தின் மிதக்கும் கப்பல்துறை, 'வேலியன்ட்' என்ற பெரும் போர்க்கப்பலைத் தாங்கியிருந்த நிலையிலேயே முறிந்து மூழ்கியது. எதிரியின் கை அதில் இல்லை.

பயணத்தின் வேகமும் காலத்துக்குக் காலம் மாறியது. ரயில் திருகோணமலைக்கு வந்தது 1927இல். அதற்கு முன் கண்டிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போவது நாட்கணக்கு. நகரிலிருந்து மூதூருக்கு நேரே கடல்வழி, குடாவைக் குறுக்கறுத்துத் தோணியிலோ வத்தையிலோ, பிற்காலத்தில் லோஞ்சிலோ போகலாம். மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' சிறுகதையைப் படித்தவர்களுக்கு இந்தக் கடலும் அதன் மனிதர்களும் பழக்கமானவர்கள். தரைவழியென்றால் மகாவலியின் கிளைகளும் களப்பு வாய்களும் குறுக்கே கிடக்கும். பாதை என்று ஊரார் சொல்லும் மிதவைக்காகக் கரையில் காத்திருக்க வேண்டும். வண்டி, மாடு, நெல்மூட்டை, மணப்பெண், நோயாளி எல்லாம் அதில் ஏறித்தான் அக்கரை சேர வேண்டும். கிண்ணியாவில் 396 மீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டது 2009 ஒக்டோபரில். அதற்கு முந்தைய எந்த ஆண்டுக் கதையிலும், கிண்ணியாவிலிருந்து நள்ளிரவில் அவசரமாக நகரத்துக்கு வரும் ஒருவர், பாதைக்காரரை எழுப்பியாக வேண்டும்.